பரீட்சை அட்டையால் ஒலியின் வேகம் அளந்தோம்

எங்கள் பத்தாம் வகுப்பு அறையில் செல்போன் சிக்னல் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும். வேப்பமரத்துப் பக்கம் இருக்கும் இரண்டாவது ஜன்னல். பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘டவர் ஜன்னல்’. போனை அந்தக் கட்டையில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டால் மேசையில் இருக்கும் லேப்டாப்புக்குக் கொஞ்சம் நெட் வரும். சாரல் அடித்து ஜன்னலைச் சாத்தினால் அதுவும் போச்சு. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் அரசுப் பள்ளி. வகுப்பறைக்கான இலவச இணையக் கருவிகள் என்று ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு உற்சாகமாகக் கிளம்பிய எனக்கு முதல் சில மாதங்கள் இந்த ஜன்னலோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தன.

முதலில் வீடியோவில் ஆரம்பித்தேன். ஒளிவிலகல் பற்றி நல்ல வீடியோ ஒன்றைத் தேடி வைத்திருந்தேன். வகுப்பில் ஓடவிட்டால் திரை நடுவே வட்டம்தான் சுற்றியது. கடைசி பெஞ்சில் அந்த வட்டம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியதும் நானே மூடிவிட்டேன்.

அடுத்தது, ஆளுக்கொரு போனில் பதில் தட்டும் வினாடி வினா. இதற்குப் போன் வேண்டுமே! எங்கள் பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அவர்களோடு போய்விடும். பாடநூலில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை ஸ்கேன் செய்ய அப்பா தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டும்.

அப்புறம் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். நெட் தேவைப்படும் வேலை எல்லாம் என் வீட்டில், இரவில். வகுப்புக்குள் வரும் கருவி நெட் இல்லாமல் ஓட வேண்டும். போன் தேவை என்றால் அதிகபட்சம் இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று பி.டி. சாருடையது.

இந்த விதிக்குள் முதலில் வந்தது ஃபெட். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டிருந்தார். சுவிட்சைத் தட்டினால் பல்பு எரியும், கயிற்றை ஆட்டினால் அலை ஓடும், இப்படித் திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியையும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு நெட்டே வேண்டாம், குரோமில் திறந்தால் ஓடும். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் போனுக்கு அனுப்பி நேரே தட்டினால் என் போனில் வெள்ளைத் திரைதான் வந்தது. போனோடு வந்த ஏதோ ஒரு ‘வியூவர்’ அதைத் திறக்கப் பார்க்கிறது. ‘இதில் திற’ என்று குரோமைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

புரொஜெக்டருக்கு வெளிச்சம் பெரிய தொந்தரவு. பழைய உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டோம். டவர் ஜன்னலுக்கும்தான். நெட் வேண்டாம் என்றானபின் அந்த ஜன்னலுக்கு என்ன தனி மரியாதை!

சரி, ஒலியியல் பாடத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் ஐந்தாவது அலகு. சுழியம் டிகிரியில் காற்றில் ஒலியின் திசைவேகம் விநாடிக்கு 331 மீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வேகம் 0.61 கூடும். இதைக் கரும்பலகையில் எழுதி, கயிற்றில் அலை ஓடும் ஃபெட் மாதிரியையும் காட்டி முடித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. மாதிரியில் யார் யாரோ வந்து கயிற்றை ஆட்டிவிட்டுப் போனார்கள். அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“இந்த 331ஐ யாரு மிஸ் அளந்தாங்க? எதை வச்சு அளந்தாங்க?”

எனக்குப் பாரிஸ் கதை தெரியும். 1738இல் அங்கே பீரங்கி சுட்டு, வெளிச்சம் தெரிந்த நேரத்துக்கும் சத்தம் கேட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார்கள். அதைச் சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் தேடினேன். நம் சென்னையிலேயே இது நடந்திருக்கிறது! சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம், ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை வழக்கமாகச் சுடும் பீரங்கிகளை வைத்தே ஒலியின் வேகத்தை அளந்திருக்கிறார். லண்டன் ராயல் சொசைட்டி இதழில் 1823இல் கட்டுரை வந்தது. அந்தப் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாதவாரியாக, அன்றன்றைய வெப்பநிலையோடு அட்டவணை போட்டிருக்கிறார் மனிதர். மறுநாள் இதைச் சொன்னபோது முதல் பெஞ்சுப் பையன், “நம்மகிட்ட பீரங்கி இல்லையே மிஸ்” என்றான். நியாயம்தான். எங்கள் மைதானத்தின் நீளத்தை ஒலி கடக்க ஒரு விநாடியில் கால் பங்குகூட ஆகாது. கண்ணால் பார்த்து ஸ்டாப்வாட்ச் அமுக்கி அளக்கிற வேலை இது இல்லை.

இந்த இடத்தில்தான் ஃபைஃபாக்ஸ் உதவிக்கு வந்தது. ஜெர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட செயலி. இலவசம், விளம்பரம் கிடையாது, ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். போனுக்குள் இருக்கும் சென்சார்களை ஆய்வகக் கருவிகளாக மாற்றித் தருகிறது. எல்லாப் போனிலும் எல்லாம் ஓடாது. ஊசல் சோதனைக்கு ஜைரோஸ்கோப், அதாவது போன் சுழல்வதை உணரும் சென்சார் வேண்டும், விலை குறைந்த என் போனில் அது இல்லை. ஆனால் மைக் இல்லாத போன் உண்டா? அதில் ஒலி ஸ்டாப்வாட்ச் என்று ஒன்று இருக்கிறது. முதல் சத்தம் கேட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவது சத்தம் கேட்டால் நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

செய்முறை இது. இரண்டு போனையும் 10 மீட்டர் தள்ளித் தள்ளி இரண்டு ஸ்டூலில் வைக்க வேண்டும். ‘அ’ போன் பக்கத்தில் ஒருவர், ‘ஆ’ போன் பக்கத்தில் ஒருவர். முதலில் ‘அ’ பக்கத்து ஆள் கை தட்டுகிறார். ‘அ’ கடிகாரம் உடனே ஓடும். சத்தம் 10 மீட்டர் போய்ச் சேர்ந்தபின்தான் ‘ஆ’ கடிகாரம் ஓடும். இரண்டு விநாடி கழித்து ‘ஆ’ பக்கத்து ஆள் தட்டுகிறார். இப்போது ‘ஆ’ உடனே நிற்கும், ‘அ’ தாமதமாக நிற்கும். ஆக ‘அ’ கடிகாரம் முந்தி ஓடிப் பிந்தி நிற்கிறது, ‘ஆ’ பிந்தி ஓடி முந்தி நிற்கிறது. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒலி போய்த் திரும்பும் 20 மீட்டருக்கான நேரம். 20ஐ அந்த வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். இரண்டு கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும் என்ற தேவையே இல்லை. இந்த யோசனை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்காரரை எழுப்பி ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே தட்ட வைத்தேன்.

வகுப்பில் விளக்கியபோது ஒரு நல்ல சந்தேகம் வந்தது. “உங்க போனு பழசு மிஸ். அது சத்தத்தை லேட்டாத்தானே கேக்கும்?” கேட்கட்டும். ஓடத் தொடங்கும்போது எவ்வளவு தாமதமோ, நிற்கும்போதும் அதே அளவு தாமதம். இரண்டும் கழிந்துவிடும். இதைக் கரும்பலகையில் கழித்துக் காட்டினேன், ஆனால் கேட்டவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. பின்னால் இரண்டு போனையும் இடம் மாற்றி வைத்து, அதே விடை வந்தபிறகுதான் தலையாட்டினான்.

முதல் நாள் வராண்டாவில் வைத்தோம். அது பெரிய தப்பு. பக்கத்தில் ஆறாம் வகுப்பு ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. கடிகாரம் அவர்கள் ஒவ்வோர் அடி சொல்லும்போதும் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. செயலியில் எவ்வளவு சத்தத்துக்கு மேல் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஓர் அளவு வைக்கலாம். அதை ஏற்றிப் பார்த்தேன். ஏற்றினால் வாய்ப்பாடு போகிறது, கூடவே 10 மீட்டர் தள்ளித் தட்டும் கையும் கேட்காமல் போகிறது. இறக்கினால் காக்கை கத்தினாலும் ஓடுகிறது. ஒன்றும் சரிப்படவில்லை.

இன்னோர் அளவும் இருக்கிறது, குறைந்தபட்ச இடைவெளி. முதல் சத்தத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் காதை மூடிக்கொள் என்று கடிகாரத்துக்குச் சொல்வது மாதிரி. அதை அரை விநாடிக்கு ஏற்றியதும் பெரிய தொல்லை ஒன்று ஒழிந்தது. அதுவரை ஒரு தட்டலின் சத்தமே சுவரில் பட்டுத் திரும்பி வந்து கடிகாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் பிரிவேளையே மைதானத்துக்குப் போய்விட்டோம். பி.டி. சாரின் அளவு நாடாவால் 10 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டோம். மைக்கில் காற்று அடிக்காமல் இருக்கப் போன் மேல் ஒரு கைக்குட்டை. இரண்டு போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டாயிற்று. இதற்கு முந்தைய முயற்சியில் பி.டி. சாரின் மனைவி போன் செய்து, தக்காளி வாங்கி வரச் சொன்னதை வகுப்பே கேட்டது.

பிள்ளைகளை அமைதியாக வைப்பதுதான் சிரமம். முதல் தட்டலுக்கும் இரண்டாவது தட்டலுக்கும் நடுவே இருக்கும் இரண்டு விநாடியில்தான் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. ஒருமுறை ஒருவன் தும்மினான். ‘அ’ கடிகாரம் தும்மலுக்கு நின்றுவிட்டது. அந்த விடையையும் குறித்துக்கொண்டு வகுத்துப் பார்த்தார்கள், ஒலி ஆமை வேகத்தில் போனது. “தும்மலோட வேகம்” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நான்கு முறை ஒழுங்காக எடுத்தோம். வித்தியாசம் 0.052, 0.051, 0.050, 0.053. சராசரி 0.0515. 20ஐ இதால் வகுத்தால் 388.

சுவரிலிருந்து கழற்றி வந்த ஆய்வக வெப்பமானி 31 டிகிரி காட்டியது. புத்தகத்தின் சூத்திரப்படி 331 கூட்டல் 0.61 பெருக்கல் 31, கிட்டத்தட்ட 350 வர வேண்டும். எங்களுக்கு 388. இங்கேதான் நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். “போனில் அளந்தால் இவ்வளவுதான் வரும், பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்ப வாயெடுத்தேன். மணி அடிக்கவும் நேரமாகிவிட்டது. அதற்குள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து குச்சியால் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு முறையும் விடை மேலேயே போகிறது, ஒருமுறைகூடக் கீழே வரவில்லை, அது எப்படி என்பது அவர்கள் கேள்வி. சரியான கேள்வி. கை நடுங்கியதால் வரும் பிழை என்றால் இப்படியும் அப்படியும் போக வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்கிறது என்றால் எங்கேயோ ஏதோ கோணலாக இருக்கிறது.

கோணல் தட்டியவர்கள் நின்ற இடத்தில் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு போனுக்கும் நடுவே, ஸ்டூலிலிருந்து அரை மீட்டர் உள்ளே நின்று தட்டியிருக்கிறார்கள். ‘அ’ பக்கத்து ஆள் அரை மீட்டர் உள்ளே நின்றால் அவர் சத்தம் ‘அ’ போனுக்கும் அரை மீட்டர் போக வேண்டும், ‘ஆ’ போனுக்கு ஒன்பதரை மீட்டர்தான். வித்தியாசம் 10 இல்லை, 9. அந்தப் பக்கமும் அப்படியே. நாங்கள் 20 மீட்டர் என்று வகுத்தது உண்மையில் 18 மீட்டர். 18ஐ 0.0515ஆல் வகுத்துப் பார்த்தார்கள். 349.5.

மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த பிரிவேளைக் கணக்கு ஆசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், கைகாட்டி “இருங்க” என்றார்.

திருத்தம் எளிது. தட்டுகிறவர் போனுக்கு வெளிப்பக்கம், இரண்டு போனையும் இணைக்கும் நேர்க்கோட்டின் நீட்சியில் நிற்க வேண்டும். அப்போது எவ்வளவு தள்ளி நின்றாலும் கவலை இல்லை. கூடுதல் தூரம் இரண்டு போனுக்கும் சமமாகக் கூடுவதால் கழிந்துவிடும். நீங்கள் இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால், தயவுசெய்து முதல் தடவை பிள்ளைகளிடம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் தூரத்தை 20 மீட்டர் ஆக்கினோம். 10 மீட்டரில் ஒரு மில்லி விநாடி பிசகினால் வேகத்தில் ஆறு மீட்டர் மாறிவிடுகிறது. தூரம் இரட்டித்தால் அந்தப் பிசகு பாதியாகும். ஆனால் 20 மீட்டர் தள்ளித் தட்டும் கை போனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. டம்ளரைத் தட்டினோம், சத்தம் கணகணவென்று இழுக்கிறது, எந்த நொடியில் தொடங்கியது என்பது தெளிவில்லை. விசிலும் அப்படித்தான். வெடுக்கென்று தொடங்கி உடனே முடிகிற சத்தம் வேண்டும். கடைசியில் கிடைத்தது பரீட்சை அட்டை. கிளிப்பைக் கழற்றிவிட்டு இரண்டு அட்டையை முகத்தோடு முகம் அறைந்தால் பட்டாசு போலக் கேட்கிறது. எந்த அட்டை நல்ல சத்தம் தரும் என்று ஒரு தனிப் போட்டியே நடந்தது. ஓரம் பிய்ந்த பழைய அட்டை ஒன்று ஜெயித்தது.

முதல் அளவு: ‘அ’ 2.417, ‘ஆ’ 2.303. வித்தியாசம் 0.114. தொடர்ந்து 0.117, 0.113, 0.119, 0.115. சராசரி 0.1156, போய்த் திரும்பும் தூரம் 40 மீட்டர். விடை 346. சூத்திரம் சொன்ன 350க்கு நான்கு மீட்டர் குறைவு, நூற்றில் ஒரு பங்கு. அந்த 346ஐக் கரும்பலகை மூலையில் கட்டம் கட்டி எழுதி வைத்தார்கள். நான் இரண்டு நாள் அழிக்கவில்லை. மூன்றாம் நாள் அழித்ததற்குக் கேள்வி வந்தது.

அடுத்து எதிரொலி. இதற்குப் பிளிக்கர்ஸ் என்ற ஒரு கருவி எனக்கு மிகவும் உதவுகிறது. ஆளுக்கொரு அட்டை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான கறுப்புச் சதுர வடிவம். அட்டையின் எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கிறார்களோ அதுதான் பதில்: ஏ, பி, சி அல்லது டி. ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது வந்துவிடும். பிள்ளைகளிடம் போன் வேண்டாம், வெறும் காகிதம் போதும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. அட்டைகளைத் தர்மபுரி நாலு ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன். கடைக்காரர் அக்கறையாக லேமினேட் செய்து தரட்டுமா என்றார், நானும் சரி என்றுவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று மின்னி, பாதி அட்டையைக் கேமரா படிக்கவே இல்லை. மறுபடி சாதாரணக் காகிதத்தில் எடுத்து, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினேன். விரல் கறுப்புக் கட்டத்தை மறைக்காமல் பிடிக்கப் பழக்க வேண்டும், அது தனி. என் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு, இதற்கு நெட் வேண்டும் என்பதால் நான் டவர் ஜன்னல் ஓரமாக நின்றபடிதான் ஸ்கேன் செய்வேன். சாக்குத் திரைக்கு நடுவே அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஒரு கயிறு கட்டி, ஏற்றி இறக்குகிற மாதிரி மாற்றிவிட்டோம்.

கேட்ட கேள்வி: சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று தட்டினால் எதிரொலி தனியாகக் கேட்குமா? மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் கேட்கும் என்றார்கள். சத்தம் திரும்பி வருகிறது அல்லவா, அப்படியென்றால் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. காதில் ஒரு சத்தம் பத்தில் ஒரு விநாடி தங்கும், அதற்குள் திரும்பி வருவது முதல் சத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே குறைந்தது 17.2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது. பள்ளிச் சுவர் முன்னால் நின்று பரீட்சை அட்டையை அறைந்துகொண்டே பின்னால் நடந்தார்கள். 17இல் சிலருக்குக் கேட்டது, சிலருக்கு 20 தாண்டித்தான். அந்தச் சண்டையின் நடுவே, வகுப்பில் அதிகம் பேசாத ஒருவன் வாய் திறந்தான். லீவு நாளில் ஆடு மேய்க்கப் போகிறவன்.

“கரட்டுக்கிட்ட வாங்க மிஸ். அங்க கத்துனா மலை முழுசாத் திருப்பிச் சொல்லும். ஆட்டைக் கூப்பிட்டா ரெண்டு பக்கமும் போவுது.”

கரடு என்றால் எங்கள் பக்கத்தில் மொட்டைப் பாறைக் குன்று. பள்ளியிலிருந்து கடலைக் காட்டைத் தாண்டினால் வந்துவிடும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை காலை போனோம். அவன்தான் இடம் காட்டினான். இங்கே நின்றால் நன்றாகக் கேட்கும், நாலு எட்டு அந்தப் பக்கம் போனால் கேட்காது என்று எங்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு ஒலி ஸ்டாப்வாட்ச் சரிப்படவில்லை. திரும்பி வரும் சத்தம் அவ்வளவு மெலிது. ஆகவே போனில் பதிவு செய்து, லேப்டாப்பில் ஆடாசிட்டியில் திறந்து பார்ப்பது என்று திட்டம். ஆடாசிட்டி 2000ஆம் ஆண்டு முதலே இலவசமாகக் கிடைக்கும் ஒலித் தொகுப்பு மென்பொருள். சத்தத்தை அலை வடிவமாகக் காட்டும், இரண்டு முகட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்பதை மில்லி விநாடியில் சொல்லும்.

முதல் பதிவில் எதிரொலியே இல்லை. காதில் தெளிவாகக் கேட்டது, பதிவில் காணோம். போனோடு வந்த ரெக்கார்டர் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மெல்லிய சத்தத்தை எல்லாம் வழித்துப் போட்டிருந்தது. அமைப்பில் போய் அதை நிறுத்தினேன். இரண்டாவது பதிவு எம்4ஏ கோப்பாக வந்தது. அதைத் திறக்க ஆடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் தனியாக வேண்டும். கடலைக் காட்டில் நின்றுகொண்டு அதை எங்கே இறக்குவது? மூன்றாவது முறை ரெக்கார்டரிலேயே வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தோம். கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒருமுறை முழுதாகச் செய்து பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

ஆடாசிட்டியில் அலை தெரிந்தபோது லேப்டாப்பைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. வெயிலில் திரை தெரியாததால் ஒரு பெண் துப்பட்டாவைத் தலைக்கு மேல் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு பெரிய முகடு, அதுதான் அட்டை அறைந்த சத்தம். அப்புறம் ஏறக்குறைய தட்டையான கோடு. அதற்கு அப்பால், பல்லி முட்டை அளவுக்கு ஒரு சின்னப் புடைப்பு. இரண்டுக்கும் இடையே 0.47 விநாடி. 350ஐ 0.47ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 82 மீட்டர். வீட்டுக்கு வந்து கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதியால் நாங்கள் நின்ற களத்திலிருந்து பாறை வரை இழுத்துப் பார்த்தேன், 85 மீட்டர் காட்டியது. பாறை சாய்வாக ஏறுகிறது, எந்த இடத்தில் பட்டுத் திரும்பியது என்பதை மேலிருந்து எடுத்த படத்தில் எப்படிச் சொல்வது? மூன்று மீட்டரை நான் பாறைக்கே விட்டுவிட்டேன்.

அதே அலையை இன்னும் பெரிதாக்கியபோது, அந்தப் புடைப்புக்குப் பின்னால் இன்னொரு குட்டிப் புடைப்பு தெரிந்தது. ஆடு மேய்ப்பவன்தான் முதலில் பார்த்தான். “அதான் மிஸ், ரெண்டு பக்கமும் போவுதுன்னு சொன்னேன்ல, அந்தப் பக்கத்துக் கரடு” என்றான். அதற்கும் தூரம் கண்டுபிடித்தார்கள், இந்த முறை கணக்கைப் போட்டது அவன். பெருக்கலில் ஒரு புள்ளி தள்ளிப்போய்க் கரடு எட்டு மீட்டருக்கு வந்துவிட்டது. “கண்ணு, எட்டு மீட்டர்னா இங்க நாம நிக்கற இடத்துலயே இருக்கும்” என்றதும் சிரித்துக்கொண்டே அழித்தான்.

செலவு என்று பார்த்தால் அட்டைகளுக்கான ஜெராக்ஸ், வீணான லேமினேஷன், என் ராத்திரிகள். வீடியோவுக்கும் விளையாட்டு வினாடி வினாவுக்கும் நான் எதிரி இல்லை. வீடியோவை இப்போதும் இறக்கி வைத்துப் போடுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் அதில் யாரும் தரையில் உட்கார்ந்து படம் போட்டு என்னை மடக்கியதில்லை.

இப்போது பிள்ளைகள் கோல்டிங்ஹாம் மாதிரி மாதவாரி அட்டவணை போட வேண்டும் என்று நிற்கிறார்கள். மார்கழி தை விடியற்காலையில் இங்கே நல்ல குளிர் இருக்கும். 16 டிகிரி என்று வைத்தால் சூத்திரப்படி வேகம் 341. அன்றைக்கு நாங்கள் அளந்தபோது இருக்க வேண்டியது 350. ஒன்பது மீட்டர் வித்தியாசம். ஆனால் 20 மீட்டர் தூரத்தில் அது வெறும் மூன்று மில்லி விநாடி, எங்கள் அளவுகளோ 0.113க்கும் 0.119க்கும் நடுவே ஆறு மில்லி விநாடி ஆடுகின்றன. குளிர் அந்த ஆட்டத்திலேயே முங்கிப்போகும். தூரத்தை 50 மீட்டர் ஆக்கினால் வித்தியாசம் ஏழெட்டு மில்லி விநாடியாக வளரும், அளவும் பல எடுத்துச் சராசரி போட்டால் பிடித்துவிடலாம். ஆனால் 50 மீட்டருக்குப் பரீட்சை அட்டைச் சத்தம் போதாது.

பி.டி. சாரிடம் ஓட்டப் பந்தயம் தொடங்கி வைக்கும் கிளாப்பர் இருக்கிறது. இரண்டு பலகையைக் கீல் போட்டு இணைத்தது, அறைந்தால் ரோட்டில் போகிற பஸ் வரைக்கும் கேட்கும். பத்தாம் வகுப்புக்குத் தை மாதம் திருப்புதல் தேர்வு வந்துவிடும் என்பதால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். கேட்டதற்கு சார், “ஸ்போர்ட்ஸ் முடியட்டும், தர்றேன்” என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, “கீல் ஆணி கழண்டுடாம திருப்பிக் கொடுக்கணும்” என்றார்.